முதல் ஆன்லைன் கோர்ஸ்: 62 ஸ்லைடும் ஒரு பூட்டும்

கேள்வி – பெங்களூர் கே.ஆர்.புரம் வாசகி, 2-8-2025

அக்கா, எட்டு வருஷம் ஸ்கூலில் சயின்ஸ் எடுத்துவிட்டு இப்போதுதான் ஒரு கம்பெனியின் டிரெயினிங் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். ஃபேக்டரி ஆட்களுக்கு மிஷின் பாதுகாப்பு பற்றி ஆன்லைன் கோர்ஸ் ஒன்று இந்த மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். தமிழிலும் கன்னடத்திலும். கையில் 62 ஸ்லைடு பிபிடி (பவர்பாயிண்ட்) இருக்கிறது. கோர்ஸ் கட்டும் மென்பொருளில் ஸ்டோரிலைனா, ரைஸா, கேப்டிவேட்டா என்று மூன்று நாளாக யூடியூப்பே கதி. எதை முதலில் கற்பது?

2-8-2025, இரவு 10.40

மென்பொருளுக்கு நாளைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று. உங்கள் கோர்ஸை முடித்த ஒரு ஆபரேட்டர் மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிறார். நேற்றுவரை செய்யாத எதை இன்று செய்வார்? ஒரே வரியில் எழுதுங்கள். "பாதுகாப்பு விழிப்புணர்வு பெறுவார்" என்றால் அது பதில் இல்லை. விழிப்புணர்வை யாராலும் நின்று பார்க்க முடியாது. "மிஷினுக்குள் கை விடும் முன் மெயினை ஆஃப் செய்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார்" என்றால் அது பதில். சூப்பர்வைசர் பத்தடி தள்ளி நின்றே பார்த்துவிடலாம்.

பிறகு 62 ஸ்லைடையும் பிரிண்ட் எடுத்துத் தரையில் பரப்புங்கள். அந்த ஒரு வரிக்கு உதவாததை எல்லாம் ஒதுக்குங்கள். கம்பெனி வரலாறு, எம்.டி. வாழ்த்து, சட்டப் பிரிவுகளின் பட்டியல் எல்லாம் முதலில் போகும். 15 மிஞ்சினால் அதிகம்.

2013-ல் நான் இந்த வேலைக்கு வந்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பீன்யாவில் ஒரு ஃபேக்டரிக்காக 48 ஸ்லைடை அப்படியே உள்ளே இழுத்து, குரல் சேர்த்து, கீழே 'அடுத்து' பட்டன் வைத்துக் கொடுத்தேன். 40 நிமிஷக் கோர்ஸ். ரிப்போர்ட்டைப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் பத்து நிமிஷத்தில் முடித்திருந்தார்கள். அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பே கிடையாது. அமுக்குவதைத் தவிர அந்தக் கோர்ஸ் அவர்களிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

3-8-2025, காலை

சரி, மென்பொருள்.

ஸ்டோரிலைனும் ரைஸும் ஆர்ட்டிகுலேட் 360 என்ற ஒரே சந்தாவுக்குள் வருகின்றன. ஸ்டோரிலைன் விண்டோஸில் நிறுவ வேண்டியது. ரைஸ் பிரவுசரிலேயே ஓடும். பவர்பாயிண்ட் தெரிந்தவர்களுக்கு ஸ்டோரிலைனின் முகம் பழகியதாகத்தான் இருக்கும். புதிதாகக் கற்க வேண்டியவை நான்கு: ஸ்லைடின் மேல் இன்னொரு தாளாக வந்து உட்காரும் லேயர், ஒரு பொருள் அமுக்கும் முன்னும் பின்னும் எப்படித் தெரிய வேண்டும் என்கிற ஸ்டேட், 'இதைத் தொட்டால் அது நடக்கட்டும்' என்கிற டிரிகர், நடந்ததை நினைவில் வைக்கும் வேரியபிள். இவற்றில் வேரியபிள் மட்டும்தான் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

ரைஸில் பிளாக் பிளாக்காக அடுக்கிக்கொண்டே போகலாம், ஒரே நாளில் கை பழகிவிடும். போனில் திறந்தால் திரைக்குத் தகுந்தபடி வரிகள் தானே மடங்கும். ஸ்டோரிலைன் ஸ்லைடு மடங்காது. முழு ஸ்லைடும் சுருங்கும், எழுத்தும் கூடவே சுருங்கும். இந்த ஒரு வித்தியாசம்தான் பெரும்பாலான இடங்களில் முடிவைத் தீர்மானிக்கும்.

கேப்டிவேட் கம்ப்யூட்டர் திரையில் நடப்பதைப் படம்பிடிக்கும் கருவியாகப் பிறந்தது. ரோபோடெமோ என்ற பெயரில் இருந்து, மேக்ரோமீடியா கைக்குப் போய், 2005-ல் அடோபி மேக்ரோமீடியாவை வாங்கியபோது அங்கே வந்து சேர்ந்தது. 'இந்தத் திரையில் பில் எப்படிப் போடுவது' என்று கற்பிக்க வேண்டுமென்றால் அதையும் பாருங்கள். ஆனால் 2023-ல் அதைப் புதிதாகவே எழுதி வெளியிட்டுவிட்டார்கள். பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்தால் அவர் காட்டுகிற பட்டன் உங்கள் திரையில் இருக்காது. ஐஸ்பிரிங் பவர்பாயிண்டுக்குள்ளேயே ஒரு டேபாக வந்து உட்காரும். செலவே கூடாது என்றால் எச்5பி, அடாப்ட் இரண்டும் ஓப்பன் சோர்ஸ்.

ஆகவே முதல் கேள்வி, உங்கள் ஆட்கள் எதில் பார்க்கப் போகிறார்கள் என்பது. கேண்டீன் பக்கத்தில் நாலு கம்ப்யூட்டரா, அவரவர் போனா? இதைக் கேட்காமல் மென்பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

3-8-2025, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. ஆர்ட்டிகுலேட் 360-ஐ 30 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அந்த நாள்கணக்கை இன்றே ஓடவிடாதீர்கள். ஸ்டோரிபோர்டு (எந்த ஸ்லைடில் என்ன வரும் என்கிற எழுத்து வரைவு) எழுதி, சேஃப்டி ஆபீசர் கையெழுத்தும் வாங்கிய பிறகு தொடங்குங்கள்.

6-8-2025

வாசகியின் ஆட்கள் போனில்தான் பார்ப்பார்களாம், எல்.எம்.எஸ். (கோர்ஸை ஏற்றி, யார் முடித்தார் என்று பதிவு வைக்கும் தளம்) ஏற்கெனவே இருக்கிறதாம். அப்படியென்றால் நான் இங்கே சொல்ல வந்ததிலேயே முக்கியமான விஷயத்துக்கு இப்போதே வருகிறேன். ஸ்டோரிபோர்டு முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். 'வணக்கம்' என்று ஒரு ஸ்லைடு, ஒரே ஒரு கேள்வி, 'முடிந்தது' என்று ஒரு ஸ்லைடு. அவ்வளவுதான். அதை ஸ்கார்ம் ஆகப் பப்ளிஷ் செய்து, எல்.எம்.எஸ்.ஸில் ஏற்றி, ஒரு ஆபரேட்டரின் போனில் திறந்து, முடித்து, ரிப்போர்ட்டில் அவர் பெயருக்கு நேரே என்ன விழுகிறது என்று பாருங்கள். இந்த வழி முழுக்க ஒரு முறை நடந்து பார்க்காமல் பத்தாவது ஸ்லைடைக் கட்டாதீர்கள்.

ஸ்கார்ம் என்பது கோர்ஸும் எல்.எம்.எஸ்.ஸும் பேசிக்கொள்ளும் மொழி. 1.2 பதிப்பு 2001-ல் வந்தது. இன்றும் பல இடங்களில் அதுதான் ஓடுகிறது. 1.2-ல் கோர்ஸின் நிலையைச் சொல்ல ஒரே ஒரு கட்டம். அதில் 'முடித்தார்' என்று எழுதலாம், அல்லது 'தேறினார்' என்று எழுதலாம். இரண்டையும் சேர்த்து எழுத முடியாது. நீங்கள் 'தேறினார்' என்று அனுப்ப, எச்.ஆர். ரிப்போர்ட் 'முடித்தார்' என்பதைத் தேடினால், எல்லாரும் தேறிய பிறகும் ரிப்போர்ட்டில் ஒருவரும் முடித்திருக்க மாட்டார். பப்ளிஷ் செய்யும் திரையில் இதற்கு ஒரு தேர்வு இருக்கிறது. எல்.எம்.எஸ். பார்க்கிறவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் 4096 என்றொரு எண். ஸ்கார்ம் 1.2-ல், ஒருவர் எங்கே விட்டார், எந்தப் பட்டனைத் தொட்டார், எந்தக் கேள்விக்கு என்ன சொன்னார் என்று குறித்து வைக்க 4096 எழுத்துக்குத்தான் இடம். சின்னக் கோர்ஸுக்கு இது தாராளம். 2018-ல் நான் ஒரு வாடிக்கையாளருக்கு 110 ஸ்லைடு கட்டினேன். ஸ்லைடுக்கு ஸ்லைடு டேப், இழுத்துப் போடும் பயிற்சி, எல்லாம் நினைவில் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். ஒரு வாரத்தில் புகார் வரத் தொடங்கியது. ஒருவர் "நேத்து 90 வரைக்கும் போனேன், இன்னைக்குத் திறந்தா 71-ல நிக்குது" என்றார். இன்னொருவருக்கு 68. சிலருக்குப் பிரச்சினையே இல்லை. நான் மூன்று நாள் ஸ்லைடு 71-லேயே தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு தப்பும் இல்லை. அந்தக் குறிப்பேடு நிரம்பியதும் அதற்கு மேல் எழுத எல்.எம்.எஸ். மறுத்திருக்கிறது. அதிகம் தொட்டுப் பார்த்தவர்களுக்குச் சீக்கிரம் நிரம்பியிருக்கிறது, அவசரமாகப் போனவர்களுக்கு நிரம்பவே இல்லை. ஆசையோடு படித்தவர்களைத்தான் அந்தக் கோர்ஸ் பின்னால் தள்ளியது. இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. கடைசியில் மூன்று கோர்ஸாகப் பிரித்தேன். நினைவில் வைக்கத் தேவையில்லாத ஸ்லைடுகளை, திரும்பி வந்தால் புதிதாகத் தொடங்கும்படி மாற்றினேன்.

7-8-2025

ஓசூர் நண்பர் ஒருவர் திருத்தம் சொல்லியிருக்கிறார். நேற்று நான் 1.2-ஐப் பற்றி மட்டும் எழுதிவிட்டேன். ஸ்கார்ம் 2004-ன் மூன்றாம் பதிப்பிலிருந்து அந்த இடம் 64,000 எழுத்து. முடித்தார், தேறினார் என்பதற்குத் தனித்தனிக் கட்டங்களும் அதில் உண்டு. அவர் சொல்வது சரி. உங்கள் எல்.எம்.எஸ். ஏற்குமென்றால் அதையே எடுங்கள். மூடுல் என்ற எல்.எம்.எஸ். வைத்திருக்கிறவர்கள் 1.2-லேயே இருங்கள், அதற்குத்தான் அங்கே முழு ஆதரவு.

அவரே ஸ்கார்ம் கிளவுட் என்ற தளத்தையும் நினைவூட்டினார். இலவசக் கணக்கு தொடங்கி உங்கள் கோர்ஸை அதில் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடி உங்கள் எல்.எம்.எஸ்.ஸில் ஓடாவிட்டால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் எல்.எம்.எஸ்.தான். வெளியே வந்த ஃபைலை டெஸ்க்டாப்பில் இருந்தபடியே திறந்து பார்த்துவிட்டு 'ஓடுகிறது' என்று முடிவு கட்டாதீர்கள்.

10-8-2025

தமிழ்.

பழைய பிபிடி பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் அதை ஒட்டி வேலைக்காகாது. எழுத்துரு மாறியதும் வெறும் கிறுக்கல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியையும் கண்ணால் படியுங்கள். மாற்றும் கருவிகள் 'கொ', 'கௌ' மாதிரி இடங்களில் அடிக்கடி சறுக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம், போனில் தெளிவாகத் தெரிகிறது. வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் மேல் வரியின் 'கு' அடி வளைவும் கீழ் வரியின் 'கி' மேல் வளைவும் உரசிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'நெக்ஸ்ட்' நான்கு எழுத்துக்கு அளந்து வைத்த பட்டனில் 'தொடரவும்' நுழையாது. பட்டனைத் தமிழுக்கு அளந்து கட்டுங்கள், கன்னடமும் அதில் அடங்கிவிடும்.

இதெல்லாம் சின்ன வேலை. பெரிய வேலை சொல். ஒரு கோர்ஸில் "பராமரிப்புக்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்" என்று எழுதியிருந்தேன். அச்சில் பார்க்க நல்ல தமிழ். சரிபார்க்க ஒரு ஃபிட்டரிடம் காட்டினேன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், பதினைந்து வருஷ அனுபவம். இரண்டு முறை படித்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்: "ஒயரை வெட்டணுமா மேடம்?" அவர் கேட்டது நியாயம். துண்டிப்பது என்றால் வெட்டுவதுதானே. "மெயினை ஆஃப் செய்து, உங்கள் பூட்டைப் போடுங்கள்" என்று மாற்றினேன். அன்றிலிருந்து ஸ்டோரிபோர்டை ஆபீசில் யாரிடமும் காட்டுவதற்கு முன் அந்த மிஷினில் நிற்கிற ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். அவர் எங்கே தடுக்குகிறாரோ அந்தச் சொல்லை மாற்றுகிறேன்.

மிஷின், பூட்டு, சாவி, டேக் (பூட்டோடு மாட்டும் எச்சரிக்கை அட்டை), பிரேக்கர். அவர்கள் வாயில் வருவது இவைதான், கோர்ஸிலும் இவையே இருக்கட்டும்.

12-8-2025

நேற்று மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் பொம்மசந்திரா போனேன். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொதுமக்களுக்கு நேற்றுதான் முதல் நாள். 25 நிமிஷத்துக்கு ஒரு ரயில்தான் ஓடியது, பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை, ஆனாலும் சில்க் போர்டு சிக்னலை மேலே இருந்து பார்த்துக்கொண்டே கடந்தபோது இத்தனை வருஷம் அங்கே பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்றவர் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார்.

சொல்ல வந்தது வேறு. ஒரு ஃபேக்டரியில் மதிய இடைவேளையில் ஆட்கள் போனில் வீடியோ பார்ப்பதைக் கவனித்தேன். காதில் எதுவும் மாட்டியிருந்தவர் ஒருவரோ இருவரோ. மற்றவர்கள் சத்தத்தை அணைத்துவிட்டு, கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். இது நான் புதியவர்களுக்கு எப்போதும் சொல்லும் ஒன்றோடு மோதுகிறது. குரல் சொல்வதையே திரையிலும் முழுக்க எழுதினால் கற்பது குறையும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார், நானும் அதையே சொல்லி வந்திருக்கிறேன். இரைச்சலான கேண்டீனில் குரலே கேட்காதபோது அந்த விதி எங்கே போய் நிற்கும்? குரல் கேட்கிறவருக்கு அது சரி. கேட்காதவருக்குத் திரையில் உள்ளதுதான் எல்லாம். இப்போது நான் செய்வது: திரையில் படமும் இரண்டு மூன்று சொல்லும், முழு வாசகமும் கேப்ஷனாக, வேண்டியவர் போட்டுக்கொள்ளும்படி. போனில் கேப்ஷன் தொடக்கத்திலேயே தெரியட்டும்.

13-8-2025

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர், ஆபீசுக்கான போஷ் (வேலையிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை தடுப்பு) கோர்ஸுக்கும் இதே வழிதானா என்கிறார். ஆமாம். கூடுதலாக ஒன்று மட்டும். 2013 சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்குழு இருக்க வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். புகார் கொடுக்க நினைக்கிற பெண்ணுக்கு அந்தக் கோர்ஸில் முதலில் வேண்டியது யாரிடம் போவது என்பது. குழு உறுப்பினர் பெயரைக் குரலிலோ வீடியோவிலோ பதிக்காதீர்கள். குழு மாறும், கோர்ஸ் மாறாது, விலகிப்போனவர் எண்ணுக்கு ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். பெயர்களைத் தனி ஸ்லைடில் எழுத்தாக வையுங்கள். மாற்றுவது யார் பொறுப்பு என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

17-8-2025

கே.ஆர்.புரம் வாசகி தன் கோர்ஸின் முதல் கேள்வியை எழுத உதவி கேட்டார். சேர்ந்து எழுதியதை இங்கே போடுகிறேன்.

கன்வேயரில் அட்டைப்பெட்டி சிக்கிக்கொண்டது. ஷிப்டு முடிய பத்து நிமிஷம். எமர்ஜென்சி பட்டனை அமுக்கினீர்கள், பெல்ட் நின்றுவிட்டது. அடுத்து?
அ. சட்டென்று கையை விட்டுப் பெட்டியை எடுப்பேன்.
ஆ. பட்டன் பக்கத்தில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு எடுப்பேன்.
இ. மெயினை ஆஃப் செய்து, என் பூட்டையும் டேகையும் போட்டு, ஸ்டார்ட் பட்டனை அமுக்கி மிஷின் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு எடுப்பேன்.

இதில் உயிர் 'ஆ'-வில் இருக்கிறது. அது முட்டாள் பதில் இல்லை. அனுபவசாலிகள் தினமும் செய்கிற காரியம், நண்பனை நம்பிச் செய்வது. அதைத் தேர்ந்தெடுத்தால் 'தவறு' என்று சிவப்புப் பெருக்கல் குறி போடாதீர்கள். நடப்பதைக் காட்டுங்கள்: காவல் நிற்பவரை யாரோ கூப்பிடுகிறார், அவர் திரும்புகிறார், இன்னொரு பக்கத்திலிருந்து ஒருவர் பட்டனை விடுவித்து ஸ்டார்ட்டை அமுக்குகிறார். எமர்ஜென்சி பட்டன் மிஷினை நிறுத்தும், மின்சாரத்தைப் பூட்டி வைக்காது. இதை லேயரில் மூன்று படமாகச் சொல்லிவிடலாம்.

17-8-2025, மாலை

சரியான பதில்தான் எல்லாவற்றிலும் நீளம் என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். உண்மை. படிக்காமலே நீளமானதைத் தொட்டால் மார்க் வந்துவிடும். 'இ'-யை "பூட்டும் டேகும் போட்டு, ஸ்டார்ட் அமுக்கிப் பார்த்துவிட்டு எடுப்பேன்" என்று சுருக்கிவிட்டோம். காற்றழுத்தம், ஸ்பிரிங் போன்றவற்றில் தேங்கி நிற்கும் விசையை வெளியேற்றுவதற்கு வாசகி தனிக் கேள்வி வைக்கிறார்.

19-8-2025

குரல் பற்றி. கையெழுத்து வாங்கும் முன் குரல் பதிவு செய்யாதீர்கள். ஒரு முறை பதிவு முடிந்த பிறகு விதி மாறி, பதினொரு வரியை இரண்டு மாதம் கழித்து மறுபடி பதிந்தோம். அதே ஆள், அதே மைக், ஆனால் அவருக்கு அன்று சளி. கேட்டால் பளிச்சென்று தெரிந்தது. வரைவுக் கட்டத்தில் கம்ப்யூட்டர் குரலை வைத்து நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் மனிதக் குரல். ஸ்டுடியோ வேண்டாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து, ஃபேனை அணைத்துவிட்டுப் பேசினால் எதிரொலி பெருமளவு அடங்கிவிடும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐந்து நொடி பேசாமல் இருங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் இரைச்சலை நீக்க அந்த ஐந்து நொடி வேண்டும்.

ஸ்டோரிபோர்டு முடிந்த பிறகே மென்பொருளைத் தொடங்கச் சொன்னேன் இல்லையா, மூன்றாம் தேதி? அதில் எனக்கு இப்போது முழுச் சம்மதம் இல்லை. வாசகியின் சேஃப்டி ஆபீசர், வேர்டில் எழுதிய ஸ்டோரிபோர்டுக் கட்டங்களைப் பார்த்து இரண்டு வாரமாக ஒன்றும் சொல்லவில்லை. மேலே உள்ள கன்வேயர் கேள்வியை மட்டும் தொடுகிற மாதிரி கட்டிக் காட்டியதும் அரை மணியில் ஏழு திருத்தம் சொன்னாராம். ஒரு காட்சியைக் கட்டிக் காட்டுங்கள், மீதியை எழுத்தில் வையுங்கள்.

21-8-2025

வாசகியின் கோர்ஸை எல்.எம்.எஸ். ஏற்க மறுத்துவிட்டது. காரணம் சின்னது. பப்ளிஷ் ஆன ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டு, ஃபோல்டரோடு சேர்த்து மறுபடி ஜிப் செய்திருக்கிறார். ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட் என்ற ஃபைல் ஜிப்பைத் திறந்ததும் முதல் படியிலேயே இருக்க வேண்டும், ஒரு ஃபோல்டருக்குள் போய்விட்டால் எல்.எம்.எஸ். கண்ணுக்குப் படாது. மென்பொருள் தருகிற ஜிப்பை அப்படியே ஏற்றுங்கள்.

இன்னொன்று: மூல ஃபைலை பென் டிரைவிலோ ஆபீஸ் நெட்வொர்க் டிரைவிலோ வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள், கெட்டுப்போகக்கூடும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்து, மாலையில் தேதி போட்டு ஒரு நகல் எடுங்கள்.

30-8-2025

வாசகி நேற்று ஆறு பேரை வைத்து ஓட்டிப் பார்த்தாராம். 62 ஸ்லைடு கடைசியில் 14 ஆனது, ரைஸில் கட்டி, கன்வேயர் காட்சியை மட்டும் ஸ்டோரிலைனில் செய்து உள்ளே பொருத்தியிருக்கிறார். பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, விரல் எங்கே போகிறது என்று மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஆறில் நான்கு பேர் பூட்டுப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது வெறும் படம், அமுக்கினால் ஒன்றும் ஆகாது. அதைத் தொட்டால் பூட்டு போய் மெயினில் மாட்டும்படி இன்று மாற்றிவிட்டார்.

ஐந்தாவது ஆள் எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொல்லி முடித்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாராம்: "பூட்டு எங்கம்மா தர்றாங்க?" 14 ஸ்லைடில் எதிலும் அது இல்லை. பதினைந்தாவதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். எந்த அறை, எந்த ஆணி, யாரிடம் கையெழுத்து, இரவு ஷிப்டில் சாவி யாரிடம்.